கணிப்பொறிக்குக் கைகாட்டி நட்ட டைக்ஸ்ட்ரா

ஹாலந்து நாட்டின் பெருந்துறைமுகமான ராட்டர்டாம் நகரில் 1930-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள் எட்ஸ்கர் வைபே டைக்ஸ்ட்ரா பிறந்தார். தந்தையார் பள்ளியில் வேதியியல் கற்பித்தவர். அன்னையார் கணிதத்தில் வல்லவர். ஆயினும் எங்கும் வேலைக்குச் சென்றவர் அல்லர். ஐந்து வரிகளுக்கு மேல் நீளும் கணக்கு வழி தவறிய கணக்கு என்பது அந்த அம்மையார் மகனுக்குத் தந்த அளவுகோல். சிறுவனுக்குப் பத்து வயது நிறைந்த மூன்றாம் நாள், 1940 மே 14 அன்று, ஜெர்மானிய விமானங்கள் ராட்டர்டாம் நகரின் நடுப்பகுதியைக் குண்டு வீசித் தரைமட்டமாக்கின. போர்க்காலத்தில் வளர்ந்த அந்தப் பிள்ளை, சட்டம் படித்து ஐக்கிய நாடுகள் சபையில் தன் நாட்டின் பிரதிநிதியாக வேண்டும் என்று கனவு கண்டதில் வியப்பொன்றும் இல்லை.

நம் சங்கத்து மலரில் இராமானுஜன், இராமன், ஐன்ஸ்டைன் ஆகியோர் வரலாறுகளை அன்பர்கள் பலமுறை படித்திருப்பீர்கள். கணிப்பொறித் துறையினர் ஒருவர் வரலாறு வந்ததாக எனக்கு நினைவில்லை. கணிப்பொறியை நாம் நாள் முழுவதும் பயன்படுத்துகிறோம்; அதற்குள்ளே இருப்பதும் ஓர் அறிவியலே என்று எண்ணுவார் நம்மிடையே சிலரே. பௌதிக மாணவனாகிய நான் இதை எழுத முற்பட்டதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

பள்ளி இறுதித் தேர்வில் கணிதத்திலும் விஞ்ஞானப் பாடங்களிலும் டைக்ஸ்ட்ரா பெற்ற மதிப்பெண்கள் மிகச் சிறந்தவை. இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை சட்டத்துக்குப் போவதா என்று ஆசிரியர்களும் பெற்றோரும் தடுத்தனர். 1948-ல் லைடன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கணிதமும் பௌதிகமும் பயிலலானார். கோட்பாட்டுப் பௌதிகமே தம் வாழ்க்கை என்று அப்போது முடிவு செய்திருந்தார்.

1951-ல் தந்தையார் கண்ணில் ஒரு விளம்பரம் பட்டது. இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், மாரிஸ் வில்க்ஸ் என்பார் மின்னணுக் கணிப்பொறிக்கு நிரல் எழுதும் கலையை மூன்று வாரங்கள் கற்பிப்பதாக அவ்விளம்பரம் கூறிற்று. நிரல் என்றால் நாம் வழக்கில் புரோகிராம் என்கிறோமே, அதுதான். பௌதிகக் கணக்குகளுக்கு உதவும் என்ற எண்ணத்தில் டைக்ஸ்ட்ரா அங்கே சென்றார். எட்சாக் என்னும் அந்நாளைய இயந்திரத்தின் முன் மூன்று வாரங்கள் கழிந்தன. ஊர் திரும்பியதும் ஆம்ஸ்டர்டாம் கணித நிலையத்தில் வான் வைங்கார்டன் என்னும் பேரறிஞர் அவருக்குப் பகுதி நேர வேலை கொடுத்தார். 1952 மார்ச் மாதம் வேலையில் சேர்ந்தார். ஹாலந்தில் நிரலாளர் என்ற பெயரில் ஊதியம் பெற்ற முதல் மனிதர் அவரே.

அதன்பின் மூன்றாண்டுகள் அவர் இரண்டு தோணியில் கால் வைத்திருந்தார். வாரத்தில் சில நாள் லைடனில் பௌதிகம், சில நாள் ஆம்ஸ்டர்டாமில் நிரல். இது நெடுநாள் நடக்காது என்று அவருக்கே தெரிந்தது. ஆனால் எதை விடுவது? பௌதிகம் என்றால் நியூட்டன் முதல் வந்த பெருமரபு. நிரல் எழுதுவதோ அப்போது ஒரு கைவேலை. அதற்கென்று கொள்கையும் இல்லை, நூலும் இல்லை, மதிப்பும் இல்லை. 1955-ல் வான் வைங்கார்டன் அறைக்குச் சென்று தம் சங்கடத்தை வெளியிட்டார். பெரியவர் அவர் சொன்னதை மறுக்கவில்லை. நிரல் எழுதுவது இன்னும் ஓர் அறிவியல் ஆகவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் கணிப்பொறி இனி உலகை விட்டுப் போகப் போவதில்லை என்றும், அதை மதிப்புக்குரிய துறையாக ஆக்கும் பணிக்கு அழைக்கப்பட்டவர்களுள் இந்த இளைஞர் ஏன் ஒருவராக இருக்கக் கூடாது என்றும் கேட்டார். டைக்ஸ்ட்ரா அறையை விட்டு வெளியே வந்தபோது வேறு மனிதராக வந்தார். பௌதிகப் பட்டப் படிப்பைக் கூடிய விரைவில் முடித்துக்கொண்டு நிரலுக்கே தம்மை ஒப்படைத்தார்.

இந்த இடத்தை நான் பலமுறை படித்தேன். இங்கே தில்லியில் எங்கள் விடுதியில் இரவு உணவுக்குப் பின் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இதுதான். பௌதிகம் படித்தவன் பௌதிகத்திலேயே இருப்பதா, மென்பொருள் வேலைக்குப் போவதா? ஊரிலிருந்து அப்பா தொலைபேசியில் கேட்பதும் இதையேதான். ஆனால் எங்கள் பேச்சில் சம்பளம் ஒன்றே தராசுத் தட்டில் வைக்கப்படுகிறது. டைக்ஸ்ட்ராவின் தராசில் இருந்தது வேறு: இந்த வேலைக்குள் உண்மையைக் கண்டறியும் முறை உண்டா, இல்லையா என்பது. அவர் இருபத்தைந்து வயதில் கேட்ட அந்தக் கேள்வியை இருபத்துமூன்று வயதில் நானும் கேட்டுப் பார்க்கிறேன்.

1957-ல் மரியா டெபெட்ஸ் என்னும் மங்கையை அவர் மணந்தார். திருமணப் பதிவில் தொழில் என்ன என்று கேட்டார்கள். நிரலாளர் என்றார். ஆம்ஸ்டர்டாம் நகராட்சியார் அப்படியொரு தொழில் இல்லை என்று மறுத்துவிட்டனர். எனவே ஏட்டில் கோட்பாட்டுப் பௌதிக அறிஞர் என்று எழுதும்படி ஆயிற்று!

அவர் பெயரை உலகறியச் செய்தது மிகக் குறுகிய பாதையைக் காணும் முறை. 1956-ல், மணப்பெண்ணுடன் கடைவீதியில் சுற்றிக் களைத்து ஒரு காப்பிக் கடை முற்றத்தில் அமர்ந்தபோது, தாளும் பேனாவும் இல்லாமல், இருபதே நிமிடத்தில் அதை மனத்தில் வகுத்தார் என்பர். ஆர்மாக் என்ற கணிப்பொறியின் திறப்பு விழாவில் ஹாலந்தின் 64 ஊர்களுக்கிடையே வழி காட்ட அது பயன்பட்டது. 1959-ல் அச்சேறிற்று. கைப்பேசியில் வழி கேட்கும் நாமெல்லாம் அந்தக் காப்பிக்குக் கடன்பட்டவர்கள். அடுத்து, ஜோன்வெல்ட் என்பவருடன் சேர்ந்து ஆல்கால் 60 மொழிக்குக் கம்பைலர் எழுதினார்; வேலை முடியும்வரை சவரம் செய்வதில்லை என்று இருவரும் உறுதி பூண்டனராம். 1960 ஆகஸ்டில் வேலை முடிந்தது. இவற்றை விரித்துப் பேசுவோர் பலர். நான் பேச வந்தது அவர் பயந்த கதையை.

1950-களின் பிற்பகுதியில் லூப்ஸ்ட்ரா, ஸ்கோல்டன் என்னும் இருவர் எக்ஸ்-1 என்ற புதிய கணிப்பொறியை வடிவமைத்துக்கொண்டிருந்தனர். அதற்கு முந்திய இயந்திரங்களில் தட்டச்சுப் பொறி ஓர் எழுத்தை அடித்து முடிக்கும்வரை கணிப்பொறி வேலை இன்றிக் காத்திருக்கும். ஆயிரம் கூட்டல் செய்யக்கூடிய பொழுது இப்படி வீணாவதைத் தவிர்க்க, அவ்விருவரும் ஓர் உத்தி கண்டனர். கணிப்பொறி தன் வேலையைப் பார்க்கட்டும். தட்டச்சுப் பொறி முடித்ததும் கதவைத் தட்டட்டும். தட்டியவுடன் கணிப்பொறி கைவேலையை அப்படியே நிறுத்தி, வந்தவரைக் கவனித்து அனுப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரட்டும். இதற்கு இன்டரப்ட், அஃதாவது குறுக்கீடு, என்று பெயர்.

நல்ல உத்திதானே? டைக்ஸ்ட்ராவுக்கோ கதிகலங்கிவிட்டது. அவர்தான் அந்த இயந்திரத்துக்கு அடிப்படை நிரல்களை எழுத வேண்டியவர். அதுநாள்வரை ஒரு நிரலை ஒரே உள்ளீட்டுடன் நூறு முறை ஓட்டினால் நூறு முறையும் ஒரே வழியில் ஓடும். பிழை இருந்தால் மறுபடியும் அதே இடத்தில் தலைகாட்டும், பிடித்துவிடலாம். குறுக்கீடு வந்த பிறகு அப்படி இல்லை. கதவு எப்போது தட்டப்படும் என்று யாருக்கும் தெரியாது. எந்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவிலும் தட்டலாம். ஆயிரம் இடங்களில் தட்டினால் ஒன்றும் ஆகாது. ஆயிரத்தொன்றாம் இடத்தில் தட்டினால் இயந்திரம் நின்றுவிடும். மறுநாள் அதே நிரலை ஓட்டினால் குறையே இராது. இத்தகைய பேயை எப்படிப் பிடிப்பது? அவர் அந்த உத்தியைச் சில காலம் ஏற்க மறுத்தார். உங்களால் முடியாததா என்று நண்பர்கள் இருவரும் முகத்துதி செய்தே அவரை இணங்க வைத்தனர்.

இணங்கியபின் அவர் செய்த காரியத்தில்தான் அவர் பெருமை இருக்கிறது. ஓட்டிப் பார்த்துத் திருத்தும் வழி இங்கே பயன்படாது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டார். குறுக்கீடு எந்த இடத்தில் வந்தாலும் தீங்கு நேராது என்பதை, வடிவ கணிதத்தில் தேற்றத்தை நிறுவுவதுபோல், எழுதுவதற்கு முன்பே நிறுவ வேண்டும் என்று கொண்டார். அந்தப் பணியே 1959-ல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் அவருக்கு டாக்டர் பட்டம் பெற்றுத் தந்தது.

இதற்குள் சிக்கல் பெரிதாகிவிட்டது. ஒரே இயந்திரத்தில் பல நிரல்கள் மாறி மாறி ஓடத் தொடங்கின. இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் ஒரே கணக்கேட்டைத் திருத்தினால் ஏடு பாழாகும். ஆகவே ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்றவர் வெளியே நிற்க வேண்டும். சொல்வது எளிது, செய்வது கடினம் என்பதை அவர் தம் சக அறிஞர்களுக்கு ஒரு புதிராகவே போட்டார். பலர் விடை கொண்டுவந்து தோற்றனர். டெக்கர் என்னும் கணிதப் புலவர் இரண்டு நிரல்களுக்குச் சரியான விடையை நிரூபணத்துடன் கொணர்ந்தார். எத்தனை நிரல்கள் இருந்தாலும் பொருந்தும் விடையை டைக்ஸ்ட்ரா 1965-ல் வெளியிட்டார். அக்கட்டுரையின் நீளம் ஒரே பக்கம்.

1962-ல் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். அங்கேதான் செமஃபோர் என்னும் கருவி உருப்பெற்றது. இந்தச் சொல் ரயில் பாதையிலிருந்து வந்தது. நம் ஊரில் கைகாட்டி என்று சொல்கிறோமே, அதேதான். ஒற்றைப் பாதையில் ரயிலில் போனவர்கள் கவனித்திருக்கலாம். முன்னே உள்ள பகுதி காலியாக இருந்தால் கை இறங்கும், வண்டி நுழையும். நுழைந்ததும் பின்னால் கை ஏறிவிடும். அடுத்த வண்டி நிற்க வேண்டும். டைக்ஸ்ட்ராவின் கைகாட்டி ஓர் எண். அதன்மீது இரண்டே செயல்கள்: பி என்று ஒன்று, வி என்று ஒன்று. இரண்டும் டச்சுச் சொற்களின் முதல் எழுத்துகள். உள்ளே நுழைவோன் பி செய்கிறான். எண் ஒன்று குறைகிறது. குறைக்க இயலாவிட்டால் உறங்கிவிடுகிறான். வெளியேறுவோன் வி செய்கிறான். எண் ஒன்று கூடுகிறது. உறங்குவோரில் ஒருவன் எழுகிறான். இன்று லினக்ஸ் கர்னலில் டவுன், அப் என்ற பெயர்களில் இருப்பவை இவையே. கர்னல் என்பது இயக்க முறைமையின் உட்கரு. எல்லா நிரல்களுக்கும் இடமும் நேரமும் பங்கிட்டுக் கொடுப்பது அது.

பூட்டு வந்தால் திருடன் போவான். ஆனால் வேறொரு தொல்லை வரும். இராமு கையில் முதற் பெட்டியின் சாவி. அவன் இரண்டாம் பெட்டியின் சாவிக்குக் காத்திருக்கிறான். சோமு கையில் இரண்டாம் பெட்டியின் சாவி. அவன் முதற் பெட்டியின் சாவிக்குக் காத்திருக்கிறான். தன் கையில் உள்ளதை இருவரும் விட மாட்டார்கள். இனி யுகம் முடியும்வரை இருவரும் அப்படியே நிற்க வேண்டியதுதான். டைக்ஸ்ட்ரா இதற்கு உயிர்குடிக்கும் தழுவல் என்னும் பொருளில் ஒரு பெயரிட்டார். எனக்குத் திருதராட்டிரன் நினைவு வந்தது. ஆனால் அங்கே நொறுங்கியது இரும்புப் பதுமை ஒன்றுதான், இங்கே தழுவிய இருவரும் மாள்கின்றனர். இப்போது பொதுவழக்கில் டெட்லாக் என்கின்றனர். கணிப்பொறி ஹாங் ஆகிவிட்டது என்று நாம் சொல்லும்போது, பலவேளைகளில் உள்ளே நடந்திருப்பது இதுவே.

இதைத் தவிர்க்க அவர் காட்டிய வழிகளுள் ஒன்று வங்கிக்காரர் முறை. வங்கிக்காரரிடம் முதல் 10 நாணயம். கண்ணன் அதிகமாகப் போனால் 8 கேட்பான்; அவனுக்கு 4 கொடுத்தாயிற்று. முருகன் அதிகமாகப் போனால் 7 கேட்பான். இப்போது 4 கேட்கிறான். பெட்டியில் 6 இருக்கிறதே, கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கொடுத்தால் மிஞ்சுவது 2. கண்ணனுக்கு இன்னும் 4 வேண்டியிருக்கலாம், முருகனுக்கு இன்னும் 3 வேண்டியிருக்கலாம். இருவர் வேலையும் முடியாது, கொடுத்த கடனும் திரும்பாது. ஆகவே புத்திசாலி வங்கிக்காரர் முருகனுக்கு இப்போது 2 மட்டும் கொடுத்து மீதிக்குக் காத்திருக்கச் சொல்வார். பெட்டியில் 4 இருக்கும். கண்ணன் வேண்டுமானால் அதைப் பெற்று வேலையை முடித்து எட்டையும் திருப்புவான். பிறகு முருகனுக்குக் குறைவிராது. கையில் பணம் உண்டா என்பது போதாது. எல்லோரும் வேலை முடித்து வெளியேற ஏதேனும் ஒரு வரிசை எஞ்சியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தே கொடுக்க வேண்டும். ஐந்து கணிப்பொறிகள் நாடாப் பொறிகளுக்குப் போட்டியிடும் கணக்கொன்றை 1965-ல் தம் மாணவர்களுக்குத் தேர்வில் கொடுத்தார். டோனி ஹோர் என்னும் அறிஞர் அதை ஒரே மேசையில் உணவருந்தும் ஐந்து தத்துவ ஞானிகளின் கதையாக்கினார். அந்தக் கதை இல்லாத பாடப்புத்தகம் இன்று அரிது.

இவ்வளவும் ஏட்டளவில் நிற்கவில்லை. ஐந்தோவனில் ஆறு பேர் கொண்ட சிறு குழு, எலக்ட்ரோலாஜிகா எக்ஸ்-8 என்னும் கணிப்பொறிக்கு ஓர் இயக்க முறைமையை எழுதிற்று. அதன் நினைவகம் 32,000 சொற்களை ஒட்டியது. இன்று ஒரு கைப்பேசிப் படம்கூட அதில் அடங்காது! முறைமையை அடுக்கு அடுக்காகக் கட்டினர். எல்லாவற்றுக்கும் அடியில், எந்த நிரல் இப்போது ஓடுவது என்று தீர்மானிக்கும் அடுக்கு. அதன்மேல் நினைவகத்தைக் கவனிக்கும் அடுக்கு. அதன்மேல் இயக்குபவருடன் பேசும் அடுக்கு. அதற்கும் மேல் உள்ளீடு, வெளியீடு. உச்சியில் பயனர் நிரல்கள். மேலடுக்கு கீழடுக்கை நம்பிக் காத்திருக்கலாம். கீழடுக்கு மேலடுக்கை எதிர்பார்த்து ஒருபோதும் நிற்கலாகாது. படிக்கட்டில் இறங்கிக்கொண்டே இருப்பவன் புறப்பட்ட படிக்கே வந்து சேர முடியுமா? அதுபோல் காத்திருப்புகள் வட்டமாக முடியவே வழியில்லாமற் போயிற்று. 1968-ல் வெளியான அறிக்கையில், சோதனையின்போது கண்ட பிழைகள் சின்னஞ்சிறு எழுத்துப் பிழைகளே என்றும், 500 கட்டளைகளுக்கு ஒன்று வீதமே அவை இருந்தன என்றும், ஒவ்வொன்றையும் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்ததாகவும் எழுதினார்.

இனி என் காரணம். எங்கள் ஆய்வுக்கூடம் ஒன்றில் விண்ணிலிருந்து வரும் மியூவான் துகள்களை எண்ணும் சோதனை நடந்தது. துகள் ஒன்று உணர்கருவியைக் கடந்தால் அட்டை கணிப்பொறியின் கதவைத் தட்டும். லினக்ஸ் கர்னலில் உள்ள ஒரு டிரைவர் அதை எண்ணிக்கொள்ளும். அந்த டிரைவர் முன்னே படித்துப் போன மாணவர் யாரோ எழுதியது. மூன்று இரவுகள், மூன்றும் தொடர்ந்தவை அல்ல, கணிப்பொறி உறைந்துவிட்டது. திரையில் கடிகாரம் 2 மணி 40 நிமிடத்தில் நின்றிருந்தது. சுட்டி நகரவில்லை. அந்த மூன்று இரவுகளின் கணக்கும் போயிற்று. திட்ட அறிக்கை கொடுக்க வேண்டிய நாளோ நெருங்கிற்று. நிறுத்தி மறுபடி போடு என்றார் ஒருவர். நினைவகச் சில்லை மாற்று என்றார் இன்னொருவர், மாற்றினோம், நான்காம் நாள் மீண்டும் உறைந்தது.

கணிப்பொறித் துறையில் படிக்கும் நண்பர் ஒருவர் வந்து பார்த்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: யார் பூட்டை வைத்திருக்கிறார், யார் காத்திருக்கிறார்? அதற்கு விடை காணாமல் இயந்திரத்தை நிறுத்திப் போடக்கூடாது என்றார். உறைந்ததைக் கண்டால் அலறும் காவல் வசதி கர்னலிலேயே இருக்கிறது. அதை முடுக்கி, செய்திகள் ஒரு கம்பி வழியாக அடுத்த கணிப்பொறிக்குப் போகும்படி செய்து காத்திருந்தார். இரண்டு நாளில் விடை வந்தது. எண்ணிக்கையைப் படிக்கும் பகுதி பூட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே இருந்தது. அந்தக் கண நேரத்தில், அதே செயலகத்தில், துகள் வந்து கதவைத் தட்டிற்று. கைவேலை அப்படியே நின்றது. குறுக்கீட்டைக் கவனிக்கும் பகுதி ஓடி வந்து அதே பூட்டைக் கேட்டது. பூட்டு திறக்க வேண்டுமானால் முதற்பகுதி தொடர்ந்து ஓட வேண்டும். முதற்பகுதி ஓட வேண்டுமானால் குறுக்கீடு முடிய வேண்டும். குறுக்கீடோ பூட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறது. வேறொரு செயலகத்தில் தட்டியிருந்தால் சிறிது காத்திருந்து தப்பியிருக்கும். அதனால்தான் பல நாள் ஓடிற்று, சில நாள் நின்றது.

டைக்ஸ்ட்ரா எக்ஸ்-1 முன்னால் நின்று பயந்தாரே, அந்தப் பேயேதான் இது! அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்து, எங்கள் மேசைமீது உட்கார்ந்திருந்தது. மருந்து ஒரு வரி: பூட்டு கையில் இருக்கும்வரை அந்தச் செயலகத்தில் குறுக்கீட்டுக் கதவை அடைத்து வைப்பது. திருத்துவதற்கு முன் நண்பர் இன்னொன்றும் செய்து காட்டினார். லினக்ஸில் 2006 முதல் லாக்டெப் என்று ஒரு கருவி உண்டு. இங்கோ மோல்னார் என்பார் முன்னின்று உருவாக்கியது. எந்தப் பூட்டுக்குப் பின் எந்தப் பூட்டு எடுக்கப்படுகிறது, குறுக்கீட்டின்போது எது எடுக்கப்படுகிறது என்று அது குறித்துக்கொண்டே வரும். குறிப்புகளில் ஒரு வட்டம் உருவாகக்கூடும் என்று கண்டால், இயந்திரம் உறையாதபோதே எச்சரிக்கும். பழைய டிரைவரை அதன் கீழ் ஓட்டியபோது சில நிமிடங்களில் எச்சரிக்கை வந்துவிட்டது. இயந்திரமோ நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மாலைதான் நான் டைக்ஸ்ட்ராவின் கட்டுரைகளைத் தேடிப் படிக்கலானேன். சோதனையால் பிழை உண்டு என்று காட்டலாம், பிழை இல்லை என்று ஒருநாளும் காட்ட முடியாது என்பது அவர் வாழ்நாள் முழுதும் வற்புறுத்திய கருத்து. பௌதிக மாணவனுக்கு இதில் புதுமை இல்லை. கொள்கை ஒன்றைச் சோதனையால் பொய்ப்பிக்கலாம், முற்றாக நிறுவ முடியாது என்று நாங்களும் படிக்கிறோம். ஆனால் எங்கள் டிரைவரை எழுதியவரும் பல நாள் ஓட்டிப் பார்த்தே விட்டுச் சென்றிருப்பார். அதை எண்ணும்போதுதான் அந்தக் கருத்தின் கனம் எனக்குப் புலப்பட்டது.

இருப்பினும் அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஒப்புவதற்கில்லை. நிரலும் நிரூபணமும் கைகோத்து வளர வேண்டும் என்றார். ஆறு பேர் எழுதிய முறைமைக்கு அது பொருந்தும். லினக்ஸ் கர்னல் இன்று இரண்டு கோடி வரிகளுக்கும் மேற்பட்டது; உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் எழுதுவது. அத்தனையையும் யார் நிறுவுவது? லாக்டெப் போன்ற கருவி முழு நிரூபணமும் அன்று, வெறும் சோதனையும் அன்று, நடுவழி. டைக்ஸ்ட்ரா அதைக் கண்டு முகம் சுளித்திருக்கவும் கூடும். அவருக்கு முகம் சுளிப்பது எளிதாக வரும். தமக்குப் பிடிக்காத மொழிகளையும் நிறுவனங்களையும் அவர் சாடிய கடுமை சில இடங்களில் நியாயத்தின் எல்லையைக் கடந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவர் பட்ட துன்பமும் குறைவன்று. அந்த இயக்க முறைமை முடிந்ததும், ஐந்தோவனில் கணிதத் துறையினர் இதையெல்லாம் கணிதமாகவே மதிக்கவில்லை. குழு கலைந்தது. டைக்ஸ்ட்ரா கடும் மனச்சோர்வுக்கு ஆளானார். நிரலைக் கட்டுக்கோப்பாக எழுதுவது எப்படி என்று எழுதத் தொடங்கிய குறிப்புகளே அவரை மீட்டன. அவை 1969-ல் நண்பர்களிடையே சுற்றி, உலகெங்கும் படியெடுக்கப்பட்டன. 1972-ல் கணிப்பொறித் துறையின் மிக உயர்ந்த பரிசாகிய டூரிங் பரிசு அவரை வந்தடைந்தது. 1973 முதல் பரோஸ் நிறுவனத்தின் ஆய்வாளராக நியூனன் என்னும் சிற்றூரில் தம் வீட்டிலிருந்தே பணி செய்தார். 1984-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்துக்கு, ஆஸ்டின் நகருக்குச் சென்று, 1999-ல் ஓய்வு பெற்றார்.

கணிப்பொறிக்கு இலக்கணம் வகுத்த அவர் கணிப்பொறியில் எழுதுவதை விரும்பியவர் அல்லர். மைப்பேனாவால், அடித்தல் திருத்தல் இன்றி, முத்து முத்தான கையெழுத்தில் எழுதி, தம் பெயரின் முதலெழுத்துகளுடன் எண்ணிட்டு, படியெடுத்து நண்பர்களுக்கு அஞ்சலில் அனுப்புவார். பெற்றவர்கள் மேலும் படியெடுத்து அனுப்புவர். அப்படி 1,300-க்கு மேற்பட்ட குறிப்புகள் உள்ளன. எழுதத் தொடங்கும் முன் முழு வாக்கியமும் மனத்தில் அமைந்திருக்க வேண்டும் என்பது அவர் பழக்கம். வகுப்பில் அவர் கேள்விக்கு மாணவர்கள் காத்திருப்பதைவிட, மாணவர் கேள்விக்கு விடை சொல்லுமுன் அவர் மௌனமாக நிற்கும் நேரமே அதிகம் என்பர்.

1974-ல் இரண்டே பக்கத்தில் அவர் எழுதிய கட்டுரை ஒன்று நெடுநாள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. பல இயந்திரங்கள் சேர்ந்த ஓர் அமைப்பு எந்தக் குழப்ப நிலையிலிருந்து புறப்பட்டாலும், மேலிருந்து யாரும் கை வைக்காமல், தானே ஒழுங்குக்கு வந்து சேரும்படி அமைக்கலாம் என்று அதில் காட்டியிருந்தார். 2002-ல் அக்கட்டுரைக்குப் பரிசொன்று அளித்தனர். அவ்வாண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள், புற்றுநோயால், நியூனன் இல்லத்தில் அவர் காலமானார். அடுத்த ஆண்டு முதல் அந்தப் பரிசுக்கே டைக்ஸ்ட்ரா பரிசு என்று பெயர் மாற்றினர். நிலைகுலைந்த பின் தானே நிமிரும் இயந்திரத்தைப் பற்றிய அந்த இரண்டு பக்கங்களை நண்பர் எனக்கு அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார். முதல் பக்கத்தைக் கடக்க எனக்கு மூன்று மாலைகள் ஆயின.